மறு: ஜூலியெத்தா எந்த வகைப் பெயர்? ('டிமினியூட்டிவ்' கலைச்சொல்)

அன்பு நண்பர்களுக்கு,

நான்கு நாளாக ஓடும் இழை. நேற்று இரவுதான் எல்லா மடல்களையும் ஒருசேரப் படித்தேன். தம்பி ஜூலியெத்தா என்ற இத்தாலியப் பெண்பெயரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே நிற்கிறார். "ஜூலியெத்தா என்பது ஜூலியா என்ற பெயரின்..." அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஒரு பெயரைச் சிறிதாக்கிச் சொல்லும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் டிமினியூட்டிவ் என்பார்கள், அதையே எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகராமல் அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம்மைக் கேட்டாரே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'ஜூலியெட்டா' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது ஆங்கிலக் காதுக்கு. இத்தாலியரின் தகரம் பல்லில் நாக்கு படும் நம் தகரம்தான். இரட்டித்தால் நம்மைப் போலவே ஒற்றை அழுத்துவார்கள். 'த்தா' என்றே எழுதுவோம்.

> செல்லப்பெயர் என்றே போட்டுவிடலாமே. இதற்கெல்லாம் புதுச்சொல் எதற்கு?

ஐயா, எங்கள் பாட்டிக்கு ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வீட்டில் 'பாப்பா'. எண்பது வயதிலும் அவருடைய அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டார். அது செல்லப்பெயர். வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லாது. ஜூலியெத்தா அப்படியில்லை. 1974 மே 28 அன்று வட இத்தாலியில் பிரெஷ்சா நகரின் லோஜ்ஜா சதுக்கத்தில், பாசிச எதிர்ப்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குப்பைத் தொட்டியில் வைத்த குண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜூலியெத்தா பான்சி பாத்சோலி என்ற ஆசிரியை. சதுக்கத்து நினைவுக்கல்லில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கல்லில் வெட்டிய பெயரைச் செல்லப்பெயர் என்று நம்மால் எழுத முடியுமா?

அதே சமயம் செல்லமாகத் தொடங்கிய ஜூலியெத்தாக்களும் உண்டு. நடிகை ஜூலியெத்தா மசீனா 1921இல் பொலோஞாவுக்குப் பக்கத்தில் சான் ஜோர்ஜோ தி பியானோவில் பிறந்தபோது ஜூலியா ஆன்னா. உலகம் அறிந்தது ஜூலியெத்தாவை. 1957இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியதும் அந்தப் பெயரில்தான். 1965இல் கணவர் ஃபெல்லினி எடுத்த படத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயர் ஏறிவிட்டது. ஆக, அந்தப் பெயர் ஒருவருக்கு அழைப்பு, இன்னொருவருக்குப் பதிவு. 'செல்லப்பெயர்' என்பது ஒரு பெயரை எங்கே, யார் சொல்கிறார்கள் என்பதைக் காட்டும் சொல். தம்பிக்கு வேண்டியது அந்தப் பெயர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் சொல்.

> சுருக்கப்பெயர் / குறுக்கப்பெயர்

எண்ணிப் பாருங்கள். ஜூலியா மூன்றெழுத்து, ஜூலியெத்தா ஐந்தெழுத்து. பொருள் சிறுக்கச் சிறுக்கச் சொல் நீள்கிறது! இதைப் போய்ச் சுருக்கம் என்றால் படிக்கிற பிள்ளை நம்மைத்தான் கேட்கும். தவிர, 'குறுக்கம்' இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். ஐகாரக்குறுக்கமும் மகரக்குறுக்கமும் மாத்திரைக் கணக்கு. அந்த வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க வேண்டாம்.

> சிறுமைப்பெயர்

சொல்லளவில் சரி. ஆனால் 'சிறுமைப்படுத்தினார்' என்று நாளிதழில் படித்துப் பழகிய காது அதைப் பொறுக்காது. இசையமைப்பாளர் பேத்தோவன் 1802இல் வெளியான ஒரு பியானோ சொனாட்டாவைத் தன் மாணவிக்குக் காணிக்கையாக்கினார். பின்னாளில் 'நிலவொளி' என்று பெயர் பெற்ற அதே சொனாட்டாதான். மாணவியின் பெயர் ஜூலி குயிச்சார்தி. முகப்புப் பக்கம் இத்தாலிய மொழியில் அச்சானதால் அங்கே அவர் 'சீமாட்டி ஜூலியெத்தா குயிச்சார்தி'. மரியாதைக்காகப் போட்ட பெயர் அது. 'சிறுமை' அங்கே எங்கே ஒட்டும்?

சரி, வேர் வரைக்கும் போய்விட்டு வருவோம். ஜூலியா என்பது உரோமில் ஜூலிய குலத்துப் பெண் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜூலியஸ் சீசரின் சகோதரிகள் இருவருக்கும் பெயர் ஜூலியாதான். மூத்தவர், இளையவர் என்று அடைமொழி சேர்த்துப் பிரித்தார்கள், நம் வீட்டில் பெரியம்மா, சின்னம்மா மாதிரி. 'இத்தா' என்ற விகுதி பிற்கால இலத்தீனில் தலைகாட்டுகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகனோடு கொல்லப்பட்டதாகத் திருச்சபை போற்றும் தார்சு நகரத்துப் புனித ஜூலித்தாவின் பெயரில் அதைப் பார்க்கலாம். அதுதான் இத்தாலியில் 'எத்தா' ஆகிறது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் விச்சென்சாக்காரர் லுயீஜி தா போர்த்தோ வெரோனா நகரத்துக் காதலர் கதை ஒன்றை எழுதி, நாயகிக்கு ஜூலியெத்தா என்றும் நாயகனுக்கு ரோமெயோ என்றும் பெயர் வைத்தார். மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஷேக்ஸ்பியரின் ஆங்கில நாடகத்தில், அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது தன் கணவர் அவளை 'ஜூல்' என்று கொஞ்சியதைச் செவிலித்தாய் நினைவுகூர்கிறாள். ஆங்கிலக் காதில் ஜூலியட் முழுப்பெயராகிவிட்டது, கொஞ்ச வேறொன்று தேவைப்பட்டது. எனவே நாம் ஆக்கும் சொல் அந்தப் பெயரின் பிறப்பைச் சொல்லட்டும், இன்றைய கொஞ்சலுக்கு அது பொறுப்பேற்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, நான்கு சொல். இத்தாலிய இலக்கணத்தில் இது ஒரு குடும்பம்: ஒரு பெயரைச் சிறிதாக்கலாம், கொஞ்சலாம், பெரிதாக்கலாம், இகழலாம், எல்லாம் விகுதியை வைத்தே. ஓவியர்களைப் பாருங்கள். 1420களில் ஃபிளாரன்சில் பிரான்காச்சிச் சிற்றாலயச் சுவரில் சேர்ந்து வேலை செய்த இருவர் பெயரும் தொம்மாசோ. ஒருவரை மசொலீனோ என்றார்கள், குட்டித் தொம்மாசோ. மற்றவர் மசாச்சோ. 'ஆச்சோ' இகழ்ச்சி விகுதி. 'அந்தத் தொம்மாசோப் பய' என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் என்பதால் வந்த பெயரில்லை. உடுப்பையும் வரவேண்டிய பணத்தையும்கூடக் கவனிக்காமல் ஓவியத்திலேயே கிடந்தவர் என்பதால் வந்தது என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். வெனீசின் ஜோர்ஜோனே 'பெரிய ஜோர்ஜோ'. இந்த மூன்று பெயரையும் விளக்க மூன்று சொல் வேண்டாமா?

நன்னூலைத் திறந்தால் பாதி வேலை முடிகிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறலாம் என்கிறார் பவணந்தியார். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் அது உவப்பு. ஒரே ஆளைப் பற்றிய மனநிலை சொல்லின் வடிவத்தையே மாற்றும் என்பதை அவர் பார்த்திருக்கிறார். கொஞ்சலுக்கு 'உவப்பு விகுதி', மசாச்சோவுக்கு 'இழிப்பு விகுதி' என்று அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஜோர்ஜோனேவுக்கு 'பெருக்க விகுதி' போதும், அதில் சண்டையில்லை.

மிஞ்சுவது ஜூலியெத்தா. தமிழில் விகுதி சேர்த்துப் பெயரைச் சிறிதாக்கும் வழக்கம் இல்லை என்று ஒரு மடலில் படித்தேன். பாதி உண்மை. அணிற்பிள்ளை என்கிறோம், கீரிப்பிள்ளை என்கிறோம். கிழட்டுக் கீரியும் கீரிப்பிள்ளைதான்! பிள்ளை அங்கே வயதைச் சொல்லவில்லை. ஜூலியெத்தாவும் ஜூலியாவின் மகளாக இருக்க வேண்டியதில்லை, சின்னவளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஃபோர்லீயில் 1910 மே 12 அன்று பிறந்த பாடகி ஜூலியெத்தா சிமியொனாத்தோ, நூறு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பெயரோடே இறந்தார். நம்மூரில் நூறு வயதைத் தாண்டிய பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது யாரும் பெயரைக் கேட்டுச் சிரிக்கவில்லையே.

(சிமியொனாத்தோவைப் பற்றி ஓர் உபரித் தகவல். இதே காதலர் கதைக்குப் பெல்லினி இசையமைத்த ஓபராவில் ரோமெயோ பாத்திரத்தைப் பெண்தான் பாட வேண்டும். 1958இல் நியூயார்க்கில் அதைப் பாடியவர் இவர். மேடையில் ஜூலியெத்தாவாக வேறொருவர், ரோமெயோவாக ஜூலியெத்தா. கட்டுரையில் இதை எப்படியாவது சேர்த்துவிடுங்கள் தம்பி.)

அப்படியானால் 'பிள்ளைப்பெயர்' என்றாலென்ன? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு பட்டியல் நினைவுக்கு வரும். 'இளமைப்பெயர்' என்றாலோ, அது தொல்காப்பியர் சொல். மரபியல் தொடக்கத்தில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்ற ஒன்பதையும் அப்படித்தான் அழைக்கிறார். இன்றைக்கோ 'இவரது இளமைப்பெயர்' என்று எழுதினால் கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர் என்றே படிப்பார்கள்.

அந்த ஒன்பதிலேயே விடை இருக்கிறது. மக்களுக்கு அவற்றில் எது பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு, குழவி, மகவு இரண்டைத் தவிர மற்றவை உரியவை அல்ல என்று மரபியல் தீர்ப்புச் சொல்கிறது. குட்டியும் பிள்ளையும் அங்கேயே கழிந்துவிட்டன. குழவியோ மனிதருக்கும் வரும், யானைக்கும் வரும். உரியியலில் 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்று பண்பாகவும் நிற்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: 'எத்தா', 'ஈனா', 'எல்லா' போன்றவை குழவு விகுதி, அவற்றால் ஆன பெயர் குழவுப்பெயர், அப்படி ஆக்குவது குழவாக்கம். 'குழவிப்பெயர்' வேண்டாம், குழந்தையின் பெயர் என்றாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஈற்றை மட்டும் பார்த்துக் குழவுப்பெயர் என்று முத்திரை குத்தக் கூடாது. எலிசபெத்தாவின் 'எத்தா' விகுதியே இல்லை, எபிரேய மூலத்தின் வால். மசீனா 1954இல் நடித்த பாத்திரம் ஜெல்சொமீனா. இத்தாலியில் 'ஜெல்சோ' என்றால் முசுக்கொட்டை மரம், அதன் குட்டியோ என்று தோன்றும். உண்மையில் அது மல்லிகையைக் குறிக்கும், பாரசீகத்திலிருந்து வந்த சொல். இவற்றைப் 'போலிக் குழவு' என்று தனியே வைப்போம்.

அன்புடன், பழைய மெய்ப்புத் திருத்துநர்

———

அக்கா,

படித்தேன், ரசித்தேன், பயந்தேன். குழவு என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் 'குளவு' என்பார்கள். அடுத்த படி குளவி. கொட்டிவிடும். அம்மிக் குழவியும் நினைவுக்கு வருகிறது. எளிதாகக் 'குட்டிப்பெயர்' என்று விட்டால் குழந்தைக்கும் புரியுமே?

———

ஐயா,

ழகரம் வராதவர்களுக்காகச் சொல்லை மாற்றினால் முதலில் தமிழ் என்ற பெயரையே மாற்ற வேண்டும். குட்டிப்பெயர் பேச்சுக்கு நன்றாயிருக்கிறது, அடைப்புக்குள் விளக்கமாகப் போடலாம். ஆனால் 'குட்டி விகுதி', 'குட்டியாக்கம்' என்று இலக்கணப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

அம்மிக் குழவி எனக்கு எதிர்ச்சாட்சி இல்லை, என் பக்கத்துச் சாட்சி. அம்மியின் மேல் உருளும் கல்லைக் குழவி என்றவர்கள் நாம். இத்தாலியர் வைக்கோல் வாரும் கவையை 'ஃபோர்கா' என்று சொல்லி, சாப்பாட்டு மேசைக் கவையை 'ஃபோர்கெத்தா' ஆக்கினார்கள். கயிறு 'ஸ்பாகோ', நம் பிள்ளைகள் உறிஞ்சும் ஸ்பகெத்தி அதன் குழவு. வயலின்கூட வியோலாவின் குழவுதான். பெயர்களோடு நில்லாமல் பண்டபாத்திரத்துக்கும் ஒரே சொல் உதவுகிறது.

———

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. முதல் வரியை இப்படி வைத்திருக்கிறேன்: "ஜூலியெத்தா என்பது ஜூலியா என்ற மூலப்பெயரோடு 'எத்தா' என்னும் குழவு விகுதி சேர்ந்து அமைந்த இத்தாலியப் பெண்பெயர், தனிப்பெயராகவும் வழங்கும்."

ஓர் ஐயம். ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் ஜூலியெத்தா என்ற காரை 1954இல் தூரினில் காட்டியது. ஜூலியா என்ற பெரிய காரை 1962இல்தான் கொண்டுவந்தது. குழவு முதலில், மூலம் எட்டு ஆண்டு கழித்து. இதற்கும் 'மூலப்பெயர்' என்று எழுதலாமா?

———

தம்பி,

பெயருக்கு எழுதலாம். காருக்கு, "முன்னர் வந்த ஜூலியெத்தாவின் பெயரிலிருந்து குழவு விகுதி நீக்கிப் பெற்றது" என்று எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள ரோமெயோ, நிக்கோலா ரோமெயோ என்ற பொறியாளரின் குடும்பப்பெயர் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் எல்லாரும் வெரோனாவுக்குப் போய்விடுவார்கள்.