சென்னையில் பேய்க்கதை உள்ள பழைய பங்களாவில் தங்க முடியுமா?

அடையாறுவாசி:
வணக்கம். மார்கழிக் கச்சேரிகளுக்கு மதுரையிலிருந்து அத்தை குடும்பம் வருகிறது. உயரமான கூரையும் தூண் வைத்த வராண்டாவும் உள்ள பழைய பங்களாவில் தங்கி, காலையில் இட்லி, காபியோடு அந்த வீட்டுக் கதையையும் கேட்க வேண்டும் என்பது அத்தை மகளின் ஆசை. பேய்க்கதை இருந்தால் இன்னும் நல்லது என்கிறாள். அம்மாவோ, பழைய வீட்டில் ராத்தங்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். இடம் தெரிந்தால் சொல்லுங்கள். எல்லோரும் சொல்லும் டிமான்டி காலனி, அடையாறு உடைந்த பாலம் பேய்க்கதைகள் தவிர வேறு கதைகளும் வேண்டும்.

மந்தைவெளிக்காரன்:
வசதி இருந்தால் கன்னிமாரா ஹோட்டல். 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர்தான் அதற்கு. அவர் மனைவி சூசன், டல்ஹௌசி பிரபுவின் மகள். கணவரின் நடத்தை பொறுக்காமல் கவர்னர் மாளிகையை விட்டு வெளியேறி, அப்போது அதே இடத்தில் இருந்த ஆல்பனி ஹோட்டலில் அறை எடுத்தார் என்று சொல்வார்கள். 1890இல் விவாகரத்து ஆனது, கவர்னரும் ஊர் திரும்பினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிப் படி இறங்கியதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது, இதற்கு மேல் பேய் எதற்கு?

தங்க முடியாது, ஆனால் பார்க்க வேண்டிய இடம் பிராடி காஸில். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1790களில் அடையாற்றங்கரையில் கட்டியது. சில வருடங்களில் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கிப் போனார். பிறகு அங்கே வந்தது அரசு இசைக் கல்லூரி, கச்சேரிக்கு வருகிறவர்களுக்குப் பொருத்தம்தானே.

சுண்ணாம்புக்காரை:
பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில், அதனால் உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிடிக்க வைப்பது. பகல் வெயிலில் விரிந்த மரமும் காரையும் ராத்திரி குளிரும்போது சுருங்கும், டக் டக்கென்று சத்தம் வரும், ஆள் நடப்பது போலவே இருக்கும். அப்புறம் மரநாய். மயிலாப்பூர், அடையாறு பக்கம் மரம் உள்ள பழைய வீடுகளில் ஓட்டுக்கு அடியில் குடியிருக்கும், நடுராத்திரியில்தான் அதற்கு வேலை. பரணில் கூகை இருந்தாலோ அது அலறுவது பெண் கத்துவது மாதிரியே கேட்கும். இவை எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் சில வீடுகளில் விளக்கு வைக்காமல் மாடி ஏற மாட்டேன் என்று எங்கள் கொத்தனார் ஒருவர் சொல்வார், நானும் அவரை வற்புறுத்துவதில்லை.

அடையாறுவாசி:
மரநாய் விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். டிமான்டி காலனியைத் தள்ளிவிட்டேனே தவிர, அதன் உண்மைக் கதை என்ன?

சாந்தோம் அக்கா:
ஜான் டி மான்டி போர்த்துகீசிய வணிகர், நிறைய நிலபுலன் வைத்திருந்தவர். சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்தார், அவர் கல்லறை சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் மாதா கோயிலில் இருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் அவர் பெயர் கொண்ட அந்தத் தெருவில் வீடுகள் வெகுகாலம் பூட்டிக் கிடந்தன, அதில்தான் கதை வளர்ந்தது. தயவுசெய்து ராத்திரியில் அங்கே போய்க் கூச்சல் போடாதீர்கள், சுற்றிலும் குடும்பங்கள் இருக்கின்றன. உடைந்த பாலமும் அப்படித்தான், 1967இல் கட்டி 1977 வெள்ளத்தில் போனது. அங்கே இருட்டிய பிறகு பயப்பட வேண்டியது கைப்பிடி இல்லாத விளிம்புக்கு.

பங்களாவில்தான் தங்க வேண்டும் என்றால் தரங்கம்பாடி போய் வாருங்கள் தம்பி. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர். கோட்டைப் பக்கத்திலேயே பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். மார்கழியில் கூட்டம் இருக்கும், அறைக்கு இப்போதே சொல்லி வையுங்கள், வராண்டா கடலைப் பார்த்து இருக்கிறதா என்றும் கேளுங்கள்.