ஆடிய காளையை ஏன் அப்படிச் செய்தார்கள்? 1929ஆம் ஆண்டுக் கார்ட்டூன் ஒன்றைப் பற்றி

மாலைவகுப்பு ஆசிரியை (ரோஸ் ஹில், மொரீசியஸ்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாட்டுப் பொங்கல் பாடம் வந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் மாட்டைக் கிட்டத்தில் பார்த்தது கிடையாது. பழைய கார்ட்டூன் ஏதாவது காட்டலாம் என்று தேடியபோது டிஸ்னி நிறுவனத்தின் 'தி டெரிபிள் டொரியடோர்' கிடைத்தது (டொரியடோர் என்றால் காளைப்போர் வீரன்). 1929இல் வந்தது. 'சில்லி சிம்பொனி' வரிசையில் இரண்டாவது படம். கறுப்பு வெள்ளை, ஆறு நிமிடம்தான். பேச்சு மிகக் குறைவு, இசையே கதை சொல்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் 'கார்மென்' என்ற ஓபராவிலிருந்து, அதாவது இசைநாடகத்திலிருந்து, எடுத்த மெட்டுகள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவை எங்கேயோ கேட்ட மெட்டுகள்தாம்.

இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் படம் போட்டேன். சனவரிப் புழுக்கம். மின்விசிறியை நிறுத்த முடியவில்லை. காற்றில் வேட்டி அலைய, காளையும் சேர்ந்து நீந்தியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காளையும் வீரனும் இசைக்கு ஏற்பக் குதிக்கக் குதிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை.

முடிவில் அந்த வீரன், தலையணை உறையைப் புரட்டுவதுபோலக் காளையின் உள்பக்கத்தை வெளியே புரட்டிவிடுகிறான். படம் முடிந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து வந்து, "டீச்சர், இனி அது எப்படிப் புல் தின்னும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் வீட்டுக்குப் போகும்வரை அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நல்ல படமா? இனியும் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எனக்கு அதில் பிடித்தவையும் நிறைய இருக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன்.

படச்சுருள் (வாக்வா) எழுதுகிறார்:

அம்மா, அந்த வரிசையை நான் முதலிலிருந்து பார்த்திருக்கிறேன். 1929 முதல் 1939 வரை 75 படங்கள். என் கணக்கில் நீங்கள் காட்டியது பலவீனமானவற்றில் ஒன்று. அதே ஆண்டில், அதற்கு முன்னால் வந்த 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' எவ்வளவோ மேல். இரண்டுக்கும் ஆட்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான்: வரைந்தவர்களில் முதன்மையானவர் அப் ஐவர்க்ஸ், இசை கார்ல் ஸ்டாலிங். ஆனால் எலும்புக்கூடு எந்தப் பக்கம் வளைந்தாலும் கண் ஏற்றுக்கொள்கிறது. மனிதன் அப்படி வளைந்தால் ஏற்பதில்லை. தண்ணீர்க் குழாய்போல முட்டியும் முழங்கையும் இல்லாத கைகால்களைத்தான் அந்தக் காலத்தில் வரைந்தார்கள். காளைக்கு அது பொருந்திவிட்டது, மனிதர்களுக்குப் பொருந்தவில்லை. மதுக்கடைப் பெண்ணும் அவளைச் சுற்றிவரும் அதிகாரியும் உங்கள் பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இருக்க மாட்டார்கள்.

மனித உருவத்தை ஒழுங்காக அசைக்க அந்த நிறுவனத்துக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1937இல்தான் 'ஸ்நோ ஒயிட்' வந்தது. ஐவர்க்ஸும் ஸ்டாலிங்கும் 1930 தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டார்கள்.

உள்ளே இருப்பதை வெளியே புரட்டுவது அன்று எல்லாருக்கும் பழகிய வேடிக்கை. பாத்திரங்களை நசுக்கினார்கள், இழுத்தார்கள், பிழிந்தார்கள். அடுத்த கணமே அவை பழையபடி எழுந்து நிற்கும். இந்தக் காளை எழுந்து நிற்பதற்குள் படம் முடிந்துவிட்டது. அதுதான் கோளாறு. பிள்ளைகளுக்கு 1938இல் அதே நிறுவனம் எடுத்த 'ஃபெர்டினண்ட் தி புல்' படத்தைக் காட்டுங்கள். சண்டை போட மறுத்துப் பூவை முகர்ந்துகொண்டிருக்கும் காளை. ஆஸ்கர் விருது வாங்கிய படம்.

தவில்காரர் (திரியோலே) எழுதுகிறார்:

தைப்பூசக் காவடிக்கு ஒத்திகை நடக்கும் நேரம் இது, சுருக்கமாகத்தான் எழுத முடியும். மேலே ஐயா படத்தை வரைந்தவர் பக்கம் நின்று பார்க்கிறார். நான் அடிப்பவர் பக்கம் நின்று சொல்கிறேன்.

பேசும்படத்துக்கு விநாடிக்கு 24 சட்டகம், அதாவது தனித்தனிப் படம். ஒரு தட்டுக்கு 12 சட்டகம் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 120 தட்டு. எட்டு என்று வைத்தால் 180. ஓவியரின் கையில் இந்தக் கணக்குத்தான் இருக்கும். எந்தச் சட்டகத்தில் குளம்பு தரையைத் தொட வேண்டும் என்பது வரைவதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆறு நிமிடத்துக்கு 8,640 சட்டகம். இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல் மனிதர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நினைத்தாலே கும்பிடத் தோன்றுகிறது.

கார்மெனில் காளைவீரன் பாட்டு நான்கு நான்காக நடக்கும். இரண்டு கட்டு சேர்ந்தால் நம் ஆதி தாளத்தின் எட்டு. உங்கள் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தொடையில் தட்டினார்கள் என்கிறீர்களே, அதனால்தான். அதே ஓபராவில் வரும் ஹபனேரா வேறு நடை: மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. கூட்டினால் அதுவும் எட்டு. நம் ஊர் சேகா ஆட்ட இசை ஆறில் சுழல்கிறது. மூன்றையும் பிள்ளைகளைத் தட்டச் சொல்லிப் பாருங்கள், எது கையில் ஒட்டுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

படத்தை வெட்ட வேண்டாம். தீர்மானம் (வாசிப்பை முடித்துவைக்கும் அடி) வைக்காமல் எழுந்துபோகிற வாசிப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுவதும் காட்டுங்கள், பிறகு பேசுங்கள்.

செயிண்ட் ஆந்த்ரேயிலிருந்து (ரீயூனியன்):

அடுத்த தீவிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பிரான்சின் சட்டத்துக்குள் வாழ்கிறவர்கள். விலங்கைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்கிற அதே பிரிவு, விட்டுப்போகாத உள்ளூர் மரபு இருக்கும் இடத்தில் காளைப்போருக்கு விலக்கு அளிக்கிறது. நீம், ஆர்ல் போன்ற தென்பகுதி ஊர்களில் காளை கொல்லப்படுவது அப்படித்தான். சேவற்சண்டைக்கும் அதே விலக்கு, ஆகையால் எங்கள் தீவிலும் அது நடக்கிறது. ஆனால் புதிய சேவற்சண்டைக் களம் எதுவும் திறக்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2015 சூலையில் அரசியலமைப்பு மன்றமே சொல்லிவிட்டது.

சிறுவனாக இருந்தபோது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து சேவற்சண்டை பார்த்திருக்கிறேன். உண்மையில் நான் ஒன்றும் பார்க்கவில்லை, முன்னால் எல்லாம் தொப்பிகள். நினைவில் இருப்பது கூட்டத்தின் குரல் மட்டும். திடீரென்று எழும், அடங்கும். பிறகு ஒருவர் எதையோ காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார்.

பிஸே இதை அறிந்திருந்தார். கார்மெனின் கடைசி அங்கத்தில் காளை மேடைக்கே வராது. களத்துக்கு வெளியே கார்மெனும் அவளைக் கொல்லப்போகிறவனும் நிற்பார்கள், உள்ளிருந்து ஆரவாரம் மட்டும் கேட்கும். 1875இல் அரங்கேறிய ஓபரா அது. ஸ்பெயினுக்கு ஒருமுறையும் போகாதவர் எழுதியது. அரங்கேறி மூன்று மாதத்தில், 36 வயதில் அவர் இறந்துபோனார். அவர் மறைத்துவைத்த காளையைத்தான் அந்தக் கார்ட்டூன்காரர்கள் வெளியே கூட்டிவந்து ஆடவிட்டார்கள். அந்தத் துணிச்சலுக்காக எனக்குப் படம் பிடிக்கும். முடிவு பிடிக்காது.

மாலைவகுப்பு ஆசிரியை மீண்டும்:

மூவருக்கும் நன்றி. செயிண்ட் ஆந்த்ரே ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் என்னை உறுத்தியது எது என்று எனக்கே பிடிபட்டது. சல்லிக்கட்டுப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். குத்துப்பட்டு விழுகிறவர்களையும் பார்த்தார்கள், யாரும் கலங்கவில்லை. அங்கே காளை முட்டிக்கொண்டு ஓடுகிறது, திமிலைப் பிடித்தவன் பிடிக்கிறான், காளை வீடு திரும்புகிறது. இங்கே காளை நம்மோடு தாளம் போட்டது. ஐந்து நிமிடம் ஒரே தாளத்தில் இருந்தவனை அந்தப் பையன் கூட்டாளியாக ஏற்றுக்கொண்டுவிட்டான். கூட்டாளியைத் துணிபோலப் புரட்டினால் அவன் கேட்காமல் என்ன செய்வான்? ஆடவிட்டது சரி. ஆடவிட்ட பிறகு அதைச் செய்திருக்கக் கூடாது. தவில்காரர் ஐயா மன்னிக்க வேண்டும், அந்தத் தீர்மானம் அந்த வாசிப்புக்கு உரியது இல்லை.

ஆனால் அவர் சொன்ன கணக்கை விடவில்லை. நேற்று ஒலியை அடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். காளையின் காலைப் பார்த்து நீங்கள்தான் தாளம் போட வேண்டும் என்றேன். முதலில் இருபது கை இருபது விதமாக விழுந்தது. குளம்பு தரையில் படும் இடத்தை ஒரு சிறுமி கண்டுபிடித்ததும், மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் காட்சிக்கு முன்பே நிறுத்தினேன். திரை வெறும் வேட்டியான பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பையனும் தட்டினான். படச்சுருள் ஐயா சொன்ன பூ முகரும் காளையை அடுத்த சனிக்கிழமை போடுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். "அது புல் தின்னுமா?" என்று கேட்டான். நான் இன்னும் பார்க்கவில்லை, இன்றிரவு பார்த்துவிட வேண்டும்.