புதுப்பிப்பு: அம்மாவின் சூரணமும் சீனக் கஷாயமும்

அம்மாவுக்குக் கால் வீங்குகிறது, பிரஷரும் ஏறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இருமலுக்குச் சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய சூரணம், சீன மருந்துக் கடைக் கஷாயம், கூடவே நீர் பிரியும் மாத்திரை என எல்லாவற்றையும் பையோடு பாலிகிளினிக்கில் காட்டினோம். மருந்தாளர் பொறுமையாக ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். சூரணம், கஷாயம் இரண்டிலுமே அதிமதுரம்! அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடுமாம். அந்த மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும் வகைதான். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையிலும் பொட்டாசியம் குறைவு. மருத்துவர் சொன்னபடி சூரணம், கஷாயம் இரண்டையும் நிறுத்தியாயிற்று, வீக்கம் வடிகிறது. அப்புறம், வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் டாங் குவாய், கிங்கோ ஆகிய மூலிகைகள் விஷயத்தில் தயவுசெய்து கவனம். ரத்தக்கசிவு அபாயம் கூடும்.