ஒரே கடல், எனக்கு மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

சின்னப்பாலத்து மருமகள்:
போன மார்கழியில் அத்தையோடு கடல்பாசி எடுக்கப் போனேன். வாடைக் காலம், பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தென்கடல் குளம் மாதிரி கிடந்தது. முக்கால் மணி நேரம்தான், எனக்குப் பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கு வயது 58, என்னைவிட ஒல்லி. அவர்கள் பாட்டுக்கு முங்கி முங்கி எழுகிறார்கள். கரையேறிப் பார்த்தால் என் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. விரலில் சுற்றிய துணியின் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. அத்தை பல்லால் கடித்து அவிழ்த்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

தொண்டிக்காரன்:
எனக்கு நேர்மாறு. குன்னூரில் ஆறு வருடம் இருந்துவிட்டு சித்திரையில் ஊருக்கு வந்தேன். மூன்றாம் நாள் ராத்தா (அக்கா) மகள் நிக்காஹ். பந்தலில் சோறு வைக்கும்போது கண் இருட்டி, சஹனோடு (சோற்றுத் தட்டோடு) விழுந்தேன். வாப்பா பக்கத்தில் சுடச்சுட டீ குடித்துக்கொண்டே, "மலைக்குப் போய் மெழுகுவத்தி ஆயிட்டான்" என்றார். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. எல்லாம் பழக்கம்தான்.

வாலிநோக்கம் உப்பளத்தான்:
பழக்கம்தான் என்றால், நானும் தம்பியும் பத்து வருடமாக ஒரே பாத்தியில் உப்பு வாருகிறோம். மதியம் அவன் சட்டை முதுகில் வரி வரியாக உப்புப் பூக்கும், என் சட்டையில் வெறும் ஈரம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தொண்டித் தம்பி விழுந்தது வெயிலால் மட்டும் இல்லை. நம் கரையில் காற்றே ஈரம். வியர்வை சொட்டிப் பயனில்லை, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பந்தலுக்குள் எங்கே காயும்? உடம்பு வெயிலுக்குப் பழகினால் வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். மலைக்குத் திரும்பினால் சில வாரத்தில் அதுவும் போய்விடும். அப்புறம் மருமகளுக்கு: தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் உடம்புச் சூட்டை இழுக்கும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள், தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் வெயிலில் கவனம். குளிருக்கு ஒரு கட்டிங் சரக்கு போதும் என்று யாராவது வருவார்கள், நம்பாதீர்கள். தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு மாதிரித் தெரியும், உள்ளுடம்பு இன்னும் குளிர்ந்துபோகும்.

சின்னப்பாலத்து மருமகள்:
கட்டிங் எல்லாம் நான் கேட்கவே இல்லையே அண்ணே. தைராய்டு பார்த்தாச்சு, சரியாகத்தான் இருக்கிறது. அத்தையிடமே கேட்டேன். கல்யாணமாகி வந்த வருடம் அவர்களுக்கும் நடுங்கியதாம். சரி, ஆனால் வீட்டில் ஃபேனை 2-ல் வைத்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்களே, அது ஏன்?