வேலையில் கொடுத்த வாக்கு: எங்கே தவறுகிறது?

திட்ட மேற்பார்வை:
வாக்கு தவறுவது கெடு நாளில் அல்ல, வாய் திறக்கிற அந்த நிமிஷத்தில். "வெள்ளிக்கிழமை தந்துடறேன்" என்றால் கேட்பவருக்கு அது காலை 10 மணி, சொன்னவருக்கு ராத்திரி. நாளோடு மணியையும் சொல்லுங்கள். வரைவா, சரிபார்த்த பிரதியா என்பதையும். 6 மணி நேர வேலையை ஒரே நாளில் முடிப்பதாக ஒத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம், போன் எல்லாம் போக 3, 4 மணி நேரம்தான் கையில் நிற்கும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று பைபிளில் லூக்கா 14:28 சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

கணக்குப் பிரிவு:
நம் பக்கம் சோதனையே பணம் கொடுப்பதில்தான். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. ஆனால் பில் தங்குவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால்: ஆர்டர் எண் இல்லை, கையெழுத்து போடுபவர் லீவு. பில் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள், முப்பதாவது நாள் அல்ல. சம்பள நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் முந்தின வேலை நாளே ஒப்புதல் முடிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை:
முடியாமல் போனால்? நீதிமொழிகள் 6 பிணைப்பட்டவனை, அதாவது அடுத்தவருக்காக ஜாமீன் நின்றவனை, தூங்குவதற்கு முன்னே போய்ப் பேசச் சொல்கிறது. தாமதம் உறுதியான அன்றே எழுதுங்கள்: எது வராது, இப்போது எதைத் தர முடியும், புதுத் தேதி என்ன. காரணம் ஒரு வரி போதும். நீளமான காரணத்தை யாரும் நம்புவதில்லை! அப்போஸ்தலன் பவுலும் பயணத் திட்டத்தை மாற்றினார். ஏன் என்பதை 2 கொரிந்தியரில் வெளிப்படையாக விளக்கினார். "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடாமலே இருப்பது வேறு விஷயம். அப்படிச் சொல்லச் சொல்கிற யாக்கோபு 4:15 சோம்பலுக்குத் தந்த லைசென்ஸ் இல்லை.

விற்பனை:
"சரக்கு கிளம்பிடுச்சுன்னு சொல்லிடு" என்று மேலிடம் சொன்னால்? "இன்னும் அனுப்பவில்லை, நாளை மதியத்துக்குள் அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான எண் தருகிறேன்" என்பதே பதில். உள்ளதை உள்ளதென்று சொல்ல மத்தேயு 5:37 போதும்.

திட்ட மேற்பார்வை:
ஒன்று விட்டுப்போச்சு. "கணக்கை மாத்தித் தரேன்" என்று தப்பான காரியத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஏரோது ராஜா ஆணையிட்டுவிட்டோமே என்றுதான் யோவான்ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்னான்.