கோலாலம்பூர் இரவுச் சந்தை: எந்தக் கிழமை, எந்த இடம்?

ஊர்சுற்றி:
வணக்கம் மக்களே. அடுத்த மாதம் குடும்பத்தோடு கோலாலம்பூர் வருகிறோம். செவ்வாய் இரவு இறங்கி ஞாயிறு மதியம் கிளம்புகிறோம், தங்குவது பிரிக்ஃபீல்ட்ஸில். பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், எனக்கு வேண்டியது இரவுச் சந்தை. யூடியூபில் எதைத் திறந்தாலும் ஜாலான் அலோர், பெட்டாலிங் ஸ்ட்ரீட், இந்த இரண்டையே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் நிஜமாக எங்கே போகிறீர்கள்? அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார், முழங்கால் வலி வேறு. நானும் மனைவியும் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவோம்.

செராஸ்வாசி:
முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இங்கே பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, என்பது ஒரே இடத்தில் தினமும் இருக்கும் கடைத்தெரு இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு பேட்டைக்கு வரும், மறுநாள் அதே வியாபாரி வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு வேறு பேட்டைக்குப் போய்விடுவார். அதனால் "எங்கே" என்று கேட்பதற்கு முன் "என்ன கிழமை" என்று கேட்க வேண்டும். உங்கள் தேதிக்கு புதன்கிழமை தாமான் கானாட், சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா. ஞாயிறு இரவு இருந்திருந்தால் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போகச் சொல்லியிருப்பேன், அதற்குள் கிளம்பிவிடுகிறீர்கள்.

தாமான் கானாட் செராஸில் இருக்கிறது. ஒரே சாலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குக் கடை போட்டிருப்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரொம்ப சுலபம்: கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகவே முசியும் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போய்விடலாம், அங்கே காஜாங் போகும் ரயிலில் ஏறினால் மாறாமல் தாமான் கானாட் நிலையத்திலேயே இறங்கலாம், அப்புறம் கொஞ்சம் நடை. காரில் மட்டும் போய்விடாதீர்கள், புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பசி போய்விடும். சீனர்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால் பன்றி இறைச்சி நிறைய இருக்கும், நாற்றத் தௌஃபு (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம், மூக்கே காட்டிக்கொடுக்கும் 😄 லோக்-லோக் (குச்சியில் குத்திக் கொதிநீரில் முக்கித் தின்பது), பொரித்த கணவாய், கரும்புச்சாறு, உள்ளாடை, கைப்பேசி உறை, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் நகரவே நகராது, ஐந்தரை ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

கோவைப் பையன்:
நான் போன வருஷம் போனேன் ப்ரோ. எனக்கு ஜாலான் அலோர் ஒன்றே போதுமானதாக இருந்தது. தினமும் இருக்கிறது, நடு இரவு தாண்டியும் திறந்திருக்கிறது, புக்கிட் பிந்தாங் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், உட்கார நாற்காலி கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவரை 2 கிலோமீட்டர் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு போவதெல்லாம் எதற்கு?

செராஸ்வாசி:
தம்பி, நாற்காலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஜாலான் அலோர் சந்தை இல்லை, உணவகங்கள் மேசையைத் தெருவில் போட்டிருக்கும் இடம். ஆள் நின்று கூப்பிடுவார், படம் போட்ட மெனுவை நீட்டுவார், விலையும் சுற்றுப்பயணிகளுக்கான விலை. போவதென்றால் போகட்டும், மீன், நண்டு எல்லாம் எடைக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யட்டும். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் கைப்பையும் கைக்கடிகாரமும் பெரும்பாலும் போலி. பொழுதுபோக்காகப் பார்க்கலாம், நான் பணம் கொடுத்து வாங்கமாட்டேன்.

அம்மாவோடு கானாட்டில் முழு நீளமும் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்புங்கள், பாதிக் கடை திரும்பத் திரும்ப அதே சாமான்தான்.

தேங்காய்ப்பால்:
சைவத்துக்கு நான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் மாமியார் சைவம்தான். தம்பி, அம்மாவை சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவுக்குக் கூட்டிப் போங்கள். லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்ற சந்தில் நடக்கும், மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துப் பக்கம்தான். கானாட்டை விடச் சின்னது, சுற்றிலும் நம் ஆட்களின் துணிக்கடைகள், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். அந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த பள்ளிவாசலே இந்திய முஸ்லிம்கள் கட்டியது, வெள்ளிக்கிழமை பிரசங்கம் இன்றும் தமிழில் நடக்கிறது. கால் வலித்தால் பக்கத்தில் ஏதாவது உணவகத்தில் உட்காரவைத்து ஒரு தே தாரேக், அதாவது நுரை வர ஆற்றிய பால் தேநீர், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது சம்பல். பார்க்க வெறும் மிளகாய் மாதிரி இருக்கும், ஆனால் பெலாச்சான், அதாவது இறால் விழுது, பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி. காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டால்கூடச் சிலர் சிப்பி சாஸ் ஊற்றிவிடுவார்கள். ஆகவே அம்மாவுக்கு இனிப்புப் பக்கமே பத்திரம். புத்து பம்பு கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், நம் குழாய்ப்புட்டுதான், மூங்கிலில் வேகவைத்து உள்ளே கூலா மலாக்கா வெல்லம் வைத்து மேலே தேங்காய்ப்பூ போட்டுத் தருவார்கள். பீசாங் கோரேங், அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், பெரும்பாலும் தனிக் கடையில்தான் போடுவார்கள், இருந்தாலும் அதே எண்ணெயில் வேறு எதுவும் பொரிக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். ஒண்டே-ஒண்டே என்ற மாவு உருண்டையை வாயில் போட்டால் வெல்லப்பாகு வெடிக்கும், மேல்சட்டை ஜாக்கிரதை. வடை, முறுக்கு, கச்சாங் பூத்தே (கடலை, பருப்பு நொறுக்குத்தீனி) விற்கும் நம்மவர் கடையும் அநேகமாக எல்லாச் சந்தையிலும் உண்டு.

அப்பம் பாலிக் அம்மாவுக்கு ஆகாது, மாவில் முட்டை இருக்கும். நீங்கள் சாப்பிடுங்கள், சாப்பிடுவதற்கு முன் அது போடுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கனத்த வட்டச் சட்டியில் மாவை ஊற்றி ஒரு சுழற்று சுழற்றுவார், ஓரம் மட்டும் காகிதம் மாதிரி மெல்லியதாக ஏறிக்கொள்ளும், சீனி, பொடித்த வேர்க்கடலை, ஒரு கரண்டி சோளம், ஓரம் பழுப்பாகிச் சட்டியை விட்டு எழும்பியதும் இரண்டாக மடித்துவிடுவார். பொட்டலத்தின் வாயைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், மூடினால் ஐந்து நிமிஷத்தில் நமத்துப்போகும்.

ஊர்சுற்றி:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. புதன் கானாட், சனி மஸ்ஜித் இந்தியா என்று முடிவு செய்துவிட்டேன். ஜாலான் அலோர் மனைவிக்காக ஒரு நாள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். இன்னும் இரண்டு சந்தேகம். மழை வந்தால் சந்தை உண்டா? பணம் எப்படி, கார்டு செல்லுமா?

செராஸ்வாசி:
மழைக்கெல்லாம் நிறுத்தமாட்டார்கள், சாயங்காலம் இடி மழை இங்கே சகஜம். எல்லாக் கடைக்கும் கூடாரம் இருக்கும். பிரச்சினை என்னவென்றால் இரண்டு கூடாரம் சேரும் இடுக்கில் தேங்கும் தண்ணீர் சரியாக நம் கழுத்தில்தான் விழும், ஆகவே குடையைவிட மழைச்சட்டை மேல், குடை அந்தக் கூட்டத்தில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். நனைந்தாலும் பரவாயில்லாத சாதாரணச் செருப்பு போடுங்கள். தரை எண்ணெயும் தண்ணீரும் கலந்து வழுக்கும், ஆகவே அம்மாவுக்குப் பிடிப்புள்ள செருப்பு.

கார்டை மறந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் கியூஆர் காட்டிக் கட்டுகிறார்கள், உங்களுக்கு ரொக்கம்தான் நிம்மதி. ஒரு வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்), ஐந்து வெள்ளி, பத்து வெள்ளித் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள், நூறு வெள்ளியை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். சாப்பாட்டுக்குப் பேரம் கிடையாது, துணிக்கும் பழத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். பத்து மணி நெருங்கும்போது "லெலோங், லெலோங்", அதாவது ஏலம், என்று சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போங்கள், மிச்சப் பழத்தைத் திரும்ப வேனில் ஏற்ற மனமில்லாமல் மூன்று பொட்டலத்தை இரண்டு பொட்டலத்து விலைக்குத் தள்ளிவிடுவார்கள். டுரியான் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ரயிலிலும் ஏற்றமாட்டார்கள், ஓட்டலிலும் விடமாட்டார்கள்.