சுங்கை சிப்புட் பக்கம் மலை சைக்கிள் பழக இடம் இருக்கா?

தாமான் அம்மா:
வணக்கம். லாசா போற ரோட்டோரத் தாமான்ல (குடியிருப்புல) இருக்கோம். மூத்தவன் படிவம் இரண்டு. ஈப்போவுல பழசா ஒரு மலை சைக்கிள் வாங்கிக் கொடுத்ததுலேர்ந்து, சனிக்கிழமை விடிஞ்சா கூட்டாளிங்களோட செம்பனைக் காட்டுக்குள்ள போயிடறான். போன வாரம் செங்கல்லு மேல பலகையைச் சாய்ச்சு வச்சுத் தாண்டியிருக்காங்க. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளோட முன் ரிம் எட்டாட்டம் வளைஞ்சு வந்துச்சு. பையனுக்கு முழங்கையில சிராய்ப்புதான், சாமி புண்ணியம்.

போகாதேன்னு சொல்ல மனசில்லை. வீட்டுல இருந்தா கைப்பேசிதான். முறையாப் பழக கிட்டத்துல எங்கயாவது இடம் இருக்கா? எங்க வீட்டுப் பின்னால சும்மா கிடக்கற நிலத்துல நாங்களே ஏதாவது போட முடியுமா? தோட்டத்துக்குள்ள போறது சரியா, தப்பா?

ஈப்போ_சக்கரம்:
அக்கா, முறையான இடம்னா புத்ராஜெயாவுல சேலஞ்ச் பார்க். கோலாலம்பூர்ல புக்கிட் கியாரா. அதுவும் ஒரு காலத்துல ரப்பர் தோட்டம்தான், அங்க வேலை செஞ்ச நம்ம சனங்களோட வீட்டுப் பிரச்சனையைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. கியாராவுல வேரும் கல்லும் ஜாஸ்தி, புதுசாப் பழகற பசங்களை முதல் நாளே அங்க இறக்காதீங்க. ரெண்டுக்கும் நெடுஞ்சாலைல ரெண்டரை, மூணு மணி நேரம் ஆகும். பள்ளி விடுமுறைக்குச் சரி, வாராவாரம் முடியாது.

பழைய கிராணி:
தங்கச்சி, நான் தோட்டத்துல வெளி வேலையைப் பார்த்துக்கற வெளிக்கிராணியா இருந்து ஓய்வு பெற்றவன். இப்ப முட்டி வலிக்கு டாக்டர் சொல்லி சைக்கிள் மிதிக்கிறேன், அதுவும் மண் ரோட்டுலதான். தார் ரோட்டுல லோரிக்காரனுங்க விட மாட்டானுங்க.

முதல்ல தோட்டம். கேட்காம உள்ள போறது தப்பு. துரைங்க மனசு கல்லுங்கறதுக்காகச் சொல்லலை. பழத் திருட்டு இருக்கற காலம், முகம் தெரியாத நாலு பேர் சைக்கிள்ல சுத்தினா காவலாளி சந்தேகப்படத்தான் செய்வான். ஆபீசுக்கு நேர்ல போய்க் கேளுங்க. எந்தக் காட்டுல எப்ப பழம் வெட்டு, எப்ப மருந்து அடிக்கிறாங்கன்னும் கேட்டுக்குங்க. ஒரே காட்டுக்குப் பத்துப் பதினாலு நாளுக்கு ஒரு தரம் வெட்டு சுத்தி வரும். அன்னைக்கு ட்ராக்டர் ஓடும், மேலேருந்து குலை விழும், அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். மத்தியானத்துக்கு மேல மழை வந்துட்டா செம்மண்ணு சோப்பு மாதிரி.

நிரைக்கு நடுவுல அடுக்கி வச்சிருக்கற மட்டை மேல ஏறக் கூடாது. அதுல எலி இருக்கும், எலி இருந்தா நாகம் வரும். மட்டை முள்ளு டயரையும் விடாது. டியூப்ல வால்வு கழட்டற மாதிரி இருந்தா, உள்ள சீலண்ட், அதான் ஓட்டையைத் தானா அடைக்கற திரவம், ஊத்திடுங்க. சின்ன முள்ளுக்குத் தாங்கும்.

மேட்டுக் காட்டுல குன்றைச் சுத்தி வெட்டியிருக்கற டெரஸ், பழகறதுக்கு அருமையான இடம். ஏன்னா அது சரிவுக்குக் குறுக்கா, மட்டமாப் போகும். பசங்க நேரா கீழ இறங்கற வழியா ஒண்ணு வெட்டினா, அதுல முதல்ல போறது மழைத்தண்ணிதான். ரெண்டு மழையில வழி ஓடையாயிடும், மண்ணு போய் வேர் மேல வந்துடும். பாதை வெட்டறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க: குன்றோட சரிவுல பாதிக்கு மேல பாதையோட சரிவு போகக் கூடாது. நாங்க தோட்டத்து ரோட்டுல தண்ணி வடிய வாய்க்கா வெட்டினதும் இதே புத்தியிலதான், பேருதான் வேற.

இப்ப உங்க பின்னால நிலம். தாண்டற மேடை வேண்டாம், பம்ப் ட்ராக் போடுங்க. வரிசையா மண் மேடு, முனையில வளைவுக்கு அணைச்ச கரை, அவ்வளவுதான். பெடல் மிதிக்காம, மேட்டுல உடம்பைத் தளர்த்தி இறக்கத்துல அழுத்தியே வண்டியை ஓட்டணும். அது கைவந்தவன் அப்புறம் எதையும் தாண்டுவான். ஒரு அடி உயர மேட்டுக்கு, உச்சிக்கு உச்சி பத்தடி இடைவெளி விடுங்க. நெருக்கிப் போட்டா முன்சக்கரம் குத்தும். மேல இருக்கற கறுப்பு மண்ணு ஆகாது, அடியில இருக்கற செம்மண்ணை எடுத்து, ஈரப்பதத்தோட அடிச்சு இறுக்குங்க. மழை பெஞ்ச மறுநாள் யாரையும் ஏற விடாதீங்க, பசங்க கெஞ்சுவாங்க.

பள்ளத்துல தண்ணி தேங்கும், அதை மறந்துடாதீங்க. ஒவ்வொரு பள்ளத்துலேர்ந்தும் ஓரத்துக்கு வாய்க்கா வெட்டிடுங்க. இல்லைன்னா டெங்கி கொசு வளர்ந்து, சுகாதார இலாகா கம்பவுண்டோட (அபராதச் சீட்டோட) வந்து நிக்கும்.

மண் மேடு போட்டு முடியற வரைக்கும் ஒரு பலகையைத் தரையில போட்டு அது மேல மெதுவா ஓட்டச் சொல்லுங்க. பெடல் ரெண்டும் மட்டமா, பாரம் கால்ல, பார்வை பலகையோட கடைசியில. வேகமா ஓட்டறது யாருக்கும் வரும்.

தாமான் அம்மா:
ரொம்ப நன்றி அண்ணே. சின்னவ பத்து வயசு, 20 இன்ச் சைக்கிள், கியர் இல்லை. அவளும் வரேங்கறா. அவளை விடலாமா?

பழைய கிராணி:
தாராளமா. பம்ப் ட்ராக்குல கியருக்கு வேலையே இல்லை, சின்ன வண்டிதான் சுலபமாத் திரும்பும். பிரேக் ரெண்டும் பிடிக்குதான்னு பாருங்க, தலைக்கவசம் போடாம ஏத்தாதீங்க. அண்ணன்காரனுக்கு முன்னால அவ பழகிடுவா பாருங்க.

ஈப்போ_சக்கரம்:
அக்கா, மண்வெட்டி எடுக்கறதுக்கு முன்னால அந்த நிலம் யாரோடதுன்னு பார்த்துடுங்க. சும்மா கிடக்குன்னு நினைப்போம், மேம்பாட்டாளரோடதா இருக்கும், இல்லைன்னா திடலுக்குன்னு ஒதுக்கினதா இருக்கும். ஒதுக்கினதுன்னா வழி இருக்கு. உங்க ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் சங்கம்) மூலமா மலாய்ல ஒரு கடிதம், கையால வரைஞ்ச ஒரு படம், கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு. கடிதத்துல சைக்கிள் சாகசம்னு எழுதாதீங்க, சிறுவர் சைக்கிள் பயிற்சின்னு எழுதுங்க. வேணும்னா நானே எழுதித் தரேன், தனிச்செய்தி அனுப்புங்க.